டிரிப்சின் தடுப்பான்கள்: மலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற நொதியைப் பற்றியும், அதைத் தடுக்கும் பொருட்களைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும், காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். பலருக்கும் உள்ள சந்தேகம் ஒன்றுதான்: தடுப்பான் என்றால் நல்லதா, கெட்டதா? எந்த இடத்தில் தடுக்கிறது, எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது, பிடித்ததை விடுமா விடாதா என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கோணத்தில்தான் எழுதப்பட்டவை.

டிரிப்சின் என்ன வேலை செய்கிறது?

சாப்பிட்ட பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றிலும் உள்ள புரதச் சங்கிலியைச் சிறுகுடலில் வெட்டுகிறது. கண்ட இடத்தில் வெட்டாது. சங்கிலியில் லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வந்தால் அதற்கு அடுத்த பிணைப்பை வெட்டும். அடுத்து வருவது புரோலின் என்றால் பெரும்பாலும் விட்டுவிடும். இதன் உடன்பிறப்பு கைமோடிரிப்சின். அதற்கு ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் போன்ற பருத்த அமினோ அமிலங்கள் வேண்டும்.

டிரிப்சினுக்கு 1876ல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான கூனே. 1930களின் தொடக்கத்தில் நார்த்ராப்பும் குனிட்ஸும் இதைப் படிகமாகப் பிரித்தார்கள். நொதிகளைத் தூய்மையாகப் பிரித்த வேலைக்காக நார்த்ராப்புக்கு 1946ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குனிட்ஸின் பெயர் இந்தப் பக்கத்தில் இன்னும் வரும்.

புரதத்தை வெட்டும் நொதி கணையத்திலேயே உருவாகிறதே, கணையத்தை ஏன் வெட்டுவதில்லை?

முதுகலை நேர்முகத் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கணையத்துக்குப் பல அடுக்குப் பாதுகாப்பு உண்டு.

முதலாவது, கணையம் டிரிப்சினாக அதைச் சுரப்பதே இல்லை. டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் சுரக்கிறது. அது குடலுக்குள் வந்த பிறகு, குடல் சுவரில் உள்ள என்டிரோபெப்டிடேஸ் என்ற இன்னொரு நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை நறுக்கி எடுக்கும். அப்போதுதான் டிரிப்சின் விழிக்கிறது. விழித்த டிரிப்சின் மற்ற டிரிப்சினோஜன்களையும், கைமோடிரிப்சினோஜன் முதலான பிற நொதிகளையும் எழுப்பிவிடும். ஒன்று எழுந்தால் எல்லாம் எழும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரண்டாவது, கணையமே ஒரு தடுப்பானையும் சேர்த்துச் சுரக்கிறது. ஸ்பிங்க்-1 என்று அதற்குப் பெயர். 56 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். தப்பித்தவறிக் கணையத்துக்குள்ளேயே கொஞ்சம் டிரிப்சின் விழித்துவிட்டால் இது உடனே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, டிரிப்சின் தன்னைத்தானே வெட்டி அழித்துக்கொள்ளும். மனித டிரிப்சினில் 122வது இடத்தில் உள்ள ஆர்ஜினினில் அந்த வெட்டு விழும். சில குடும்பங்களில் அந்த ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அதனால் டிரிப்சின் தன்னை வெட்டிக்கொள்ள முடியாமல் போய், சிறு வயதிலிருந்தே கணைய அழற்சி வருகிறது. இது 1996ல் கண்டறியப்பட்டது. ஸ்பிங்க்-1 மரபணுவில் வரும் ஒரு மாற்றமும் முக்கியமானது. தென்னிந்தியாவில் இளம் வயதில் கணையத்தில் கல் படிந்து, பின்னால் சர்க்கரை நோயும் வரும் நோயாளிகள் பலரிடம் அந்த மாற்றம் காணப்படுகிறது. தடுப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். நம் கணையம் இன்று நன்றாக இருப்பதில் ஒரு தடுப்பானுக்கும் பங்கு இருக்கிறது.

வேதித் தடுப்பான்கள் டிரிப்சினை எப்படிப் பிடிக்கின்றன?

டிரிப்சினின் வெட்டும் இடத்தில் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: 195வது செரின், 57வது ஹிஸ்டிடின், 102வது அஸ்பார்டிக் அமிலம். பக்கத்தில் ஒரு சிறு பை போன்ற குழி உண்டு. அதன் அடியில் 189வது அஸ்பார்டிக் அமிலம் எதிர்மின்சுமையோடு உட்கார்ந்திருக்கிறது. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமை உள்ளவை, அதனால்தான் அவை அந்தக் குழிக்குள் ஈர்க்கப்படுகின்றன. இந்த நான்கு இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் தடுப்பான்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பென்சமிடின் குழிக்குள் மட்டும் போய் உட்காரும். பூட்டின் துவாரத்தில் குச்சியைச் செருகியது போல, குச்சியை எடுத்துவிட்டால் பூட்டு பழையபடி வேலை செய்யும். கரைசலை நீர்த்தாலோ டயாலிசிஸ் செய்தாலோ பென்சமிடின் வெளியேறிவிடும்.

பி.எம்.எஸ்.எஃப்., டி.எஃப்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரண்டு வேதிப்பொருட்களும் செரினோடு சகப்பிணைப்பு போட்டுவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. டி.எல்.சி.கே. என்பது லைசின் வேஷம் போட்டுக் குழிக்குள் நுழைந்து, பக்கத்தில் உள்ள ஹிஸ்டிடினைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் நிரந்தரம். லியூபெப்டின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த சின்ன பெப்டைடு. அதன் நுனியில் உள்ள ஆல்டிஹைடு செரினோடு சேரும், ஆனால் திரும்பவும் பிரியும்.

புரதத் தடுப்பான்கள் இன்னொரு வகை. அப்ரோடினின் என்பது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கப்படும் 58 அமினோ அமிலப் புரதம். குனிட்ஸும் நார்த்ராப்பும் 1936ல் மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்ததும் இதே புரதம்தான். அதன் 15வது லைசின் டிரிப்சினின் குழிக்குள் கச்சிதமாகப் பொருந்தும். சகப்பிணைப்பு எதுவும் இல்லை, இருந்தாலும் நடுநிலை பி.எச்.சில் பிடி விட்டுப் பிரிய மாதக்கணக்கில் ஆகும். "சகப்பிணைப்பு இல்லையென்றால் பிடி தளர்வு" என்று தேர்வில் எழுதுகிறவர்கள் இந்த உதாரணத்தைக் கவனியுங்கள்.

எங்கள் ப்ராஜெக்டுக்கு எந்தத் தடுப்பானை வாங்குவது?

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திசுவை அரைத்துப் புரதம் பிரிக்கும்போது அது சிதையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் பி.எம்.எஸ்.எஃப். போதும், விலையும் குறைவு. பிரித்த பிறகு அதே கரைசலில் டிரிப்சினை மறுபடி வேலை செய்யவிடப் போகிறீர்கள் என்றால் பென்சமிடின் போன்று பிரியக்கூடியதை எடுங்கள். நீரில் கரையக்கூடியதும், பி.எம்.எஸ்.எஃப். அளவு நச்சு இல்லாததும் வேண்டுமென்றால் ஏ.இ.பி.எஸ்.எஃப். இருக்கிறது, ஆனால் விலை கூடுதல். வளர்ப்புச் செல்களோடு வேலை என்றால் சோயா டிரிப்சின் தடுப்பான்.

டி.எஃப்.பி.யை மாணவர் ஆய்வகத்துக்குள் கொண்டுவரவே கூடாது. நரம்பு நச்சு வாயுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பி.எம்.எஸ்.எஃப். போட்டும் புரதம் சிதைந்துவிட்டது. ஏன்?

பத்தில் எட்டு பேர் கேட்கும் கேள்வி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பி.எம்.எஸ்.எஃப்.க்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரில் கரைவதும் கஷ்டம், கரைந்ததும் தானாகவே சிதையும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 இருந்தால் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதி போய்விடும். பி.எச். 7.5 என்றால் 55 நிமிடம். பி.எச். 8 என்றால் 35 நிமிடம்தான். காலையில் பஃபரில் (பி.எச்.சை நிலையாக வைத்திருக்கும் கரைசலில்) கலந்து வைத்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திசுவை அரைத்தால் அதில் தடுப்பான் மிச்சம் இருக்காது. அதனால் திசுவை அரைக்கும் நொடிக்குச் சற்று முன்னால் சேருங்கள். வேலை நீண்டால் இடையில் மறுபடி சேருங்கள்.

ஸ்டாக், அதாவது செறிந்த இருப்புக் கரைசல் தயாரிக்கத் தண்ணீர் கலக்காத ஐசோப்ரொப்பனால் நல்லது. 17.4 மில்லிகிராமை 1 மில்லி ஐசோப்ரொப்பனாலில் கரைத்தால் 100 மில்லிமோலார் வரும். அதில் 10 மைக்ரோலிட்டரை ஒவ்வொரு மில்லி பஃபருக்கும் சேர்த்தால் 1 மில்லிமோலார். வழக்கமான அளவு 0.1 முதல் 1 மில்லிமோலார் வரை.

இங்கேதான் நம் மலைக் குளிர் குறுக்கே வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்டாக்கில் வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருக்கும். மேலாக இருக்கும் தெளிவான திரவத்தை மட்டும் பிப்பெட்டில் எடுத்தால் நீங்கள் நினைத்த செறிவு அதில் இருக்காது. கையுறையோடு குழாயை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, படிகம் முழுதும் கரைந்த பிறகு எடுங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் ஸ்டாக் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: டி.எம்.எஸ்.ஓ. ஏறத்தாழ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி ஆய்வக அலமாரியில் அந்தப் பாட்டில் கண்ணாடிக் கட்டி மாதிரி இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், 37 டிகிரி நீர்த்தொட்டியில் சிறிது நேரம் வைத்தால் உருகிவிடும்.

குளிரால் ஒரு லாபமும் உண்டு. வெப்பம் குறையக் குறைய பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் சிதையும் வேகமும் குறையும். ஐஸில் வேலை செய்தால் நிறைய நேரம் கிடைக்கும்.

பொடியை எடை போடும்போது கையுறை, முகக்கவசம், புகைக்கூண்டு மூன்றும் வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

ஈ.டி.டி.ஏ. டிரிப்சினைத் தடுக்குமா?

தடுக்காது. ஈ.டி.டி.ஏ. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள். உலோகத்தை நம்பியிருக்கும் புரோட்டியேஸ்களை, அதாவது புரதம் வெட்டும் நொதிகளைத்தான் அது தடுக்கும். கால்சியம் டிரிப்சினை நிலைப்படுத்துகிறது, அதை ஈ.டி.டி.ஏ. பிடுங்கிக்கொள்வதால் டிரிப்சின் கொஞ்சம் சீக்கிரம் சோர்ந்துபோகலாம். செல் வளர்ப்பில் டிரிப்சினையும் ஈ.டி.டி.ஏ.வையும் சேர்த்தே ஊற்றுகிறோமே, ஈ.டி.டி.ஏ. டிரிப்சினைத் தடுத்தால் அது பலிக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

டிரிப்சின் பாட்டிலில் "டி.பி.சி.கே. சேர்த்தது" என்று போட்டிருக்கிறது. தடுப்பானோடு சேர்ந்த நொதியை எப்படிப் பயன்படுத்துவது?

டி.பி.சி.கே. தடுப்பது கைமோடிரிப்சினை. டிரிப்சினோடு எப்போதும் கொஞ்சம் கைமோடிரிப்சின் ஒட்டிக்கொண்டு வரும், அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வீட்டுப் பயறு வகைகளில் தடுப்பான் இருப்பதை நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஊட்டி மார்க்கெட்டில் கிடைக்கும் டபுள் பீன்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். ஆங்கிலேயர் லீமா பீன் என்று சொல்வது இதைத்தான். அதிலிருந்து பிரித்த டிரிப்சின் தடுப்பானை வேதிப்பொருள் நிறுவனங்கள் விற்கவும் செய்கின்றன. மார்க்கெட்டில் வாங்கிவந்த கொட்டை கையில் இருக்கும்போது அதே பெயர் போட்ட பாட்டிலையும் காட்டினால் மாணவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே வருடா வருடம் இந்தச் சோதனையை வைக்கிறேன்.

காயவைத்த கொட்டையை நைசாக அரைத்து, 1 கிராம் மாவை 50 மில்லி 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 3 மணி நேரம் கலக்குங்கள். அந்தச் சாற்றை நீர்த்து 2 மில்லி எடுத்து, 2 மில்லி டிரிப்சின் கரைசலோடு சேருங்கள். டிரிப்சினை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் கரைத்து வைக்க வேண்டும். அந்தப் புளிப்பில்தான் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் இருக்கும். பிறகு பாப்னா என்ற செயற்கைப் பொருளின் கரைசல் 5 மில்லி சேருங்கள், அது பி.எச். 8.2 டிரிஸ் பஃபரில் கால்சியத்தோடு இருக்க வேண்டும். 37 டிகிரியில் சரியாக 10 நிமிடம் கழித்து, 30 சதவீத அசிட்டிக் அமிலம் 1 மில்லி ஊற்றி நிறுத்துங்கள்.

டிரிப்சின் பாப்னாவை வெட்டினால் மஞ்சள் நிறம் வரும். சாறு சேர்க்காத குழாயில் நல்ல மஞ்சள். பச்சைக் கொட்டைச் சாறு சேர்த்ததில் வெளிறிய மஞ்சள், செறிவு அதிகம் என்றால் கிட்டத்தட்ட நிறமே இராது. வேகவைத்த கொட்டையையும் இதே மாதிரி சாறெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 410 நானோமீட்டரில் அளந்தால் எண் கிடைக்கும். நொதியின் வேலை 40 முதல் 60 சதவீதம் தடைபடுகிற மாதிரி சாற்றை நீர்த்துக்கொண்டால் கணக்கு நம்பகமாக இருக்கும்.

மலை ஆய்வகத்துக்கு ஒரு எச்சரிக்கை. பாப்னா குளிர்ந்தால் கரைசலிலிருந்து பிரிந்து கலங்கிவிடும். மேசைமேல் 14, 15 டிகிரியில் வைத்துவிட்டுத் திரும்பினால் பால் மாதிரி ஆகியிருக்கும். கலங்கலை ஒளிமானி மஞ்சளாகவே எண்ணிக்கொள்ளும். அதனால் பஃபர், பாப்னா, குழாய்கள் எல்லாமே முதலிலிருந்தே 37 டிகிரி தொட்டிக்குள் இருக்கட்டும்.

சமைத்தால் இந்தத் தடுப்பான்கள் போய்விடுமா? மலையில் பருப்பே வேக மாட்டேன் என்கிறதே?

எல்லாப் பயறிலும் ஒரே தடுப்பான் இல்லை. சோயாவில் இரண்டு முக்கியமானவை. ஒன்று குனிட்ஸ் 1940களில் படிகமாக்கியது, 181 அமினோ அமிலம், சூட்டுக்கு எளிதில் மசியும். இன்னொன்று போமன்-பிர்க் தடுப்பான், வெறும் 71 அமினோ அமிலம்தான், ஆனால் 7 கந்தகப் பிணைப்புகள் அதைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிவைத்திருக்கின்றன. சூட்டை நன்றாகத் தாங்கும். அதற்கு இரண்டு முனை: ஒரு முனையால் டிரிப்சினையும் மறு முனையால் கைமோடிரிப்சினையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். அவரை, மொச்சை, கொள்ளு, டபுள் பீன்ஸ் இவற்றில் இருப்பவை இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்போது மலைக்கு வருவோம். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் தண்ணீர் கொதிப்பது சுமார் 93 டிகிரியில். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே. குன்னூரில் 94. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் கல்யாணமாகி வந்த ஒரு மாணவி, "அம்மா வீட்டில் அரை மணி நேரத்தில் வெந்த மொச்சை இங்கே ஒரு மணி நேரமாகியும் நறுக்கென்று இருக்கிறது மேடம்" என்று சொன்னாள். மொச்சை மேல் குறை இல்லை. அந்த ஆறேழு டிகிரிதான் காரணம்.

குக்கர் இந்தக் குறையை அடைத்துவிடுகிறது. வெயிட் போட்ட குக்கரில் ஊட்டியிலேயே 115 டிகிரியைத் தாண்டும். சமவெளியில் 120 வரும், வித்தியாசம் பெரிதில்லை. அதனால் நான் சொல்வது இதுதான்: இராத்திரியே ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், குக்கரில் வையுங்கள், சமவெளியில் வைப்பதைவிட ஓரிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். ஈரத்தோடு சேர்ந்த சூடுதான் தடுப்பானை உடைக்கும். வெறுமனே வறுப்பது அந்த அளவு உதவாது. முளைகட்டினாலும் ஓரளவு குறையும்.

படுக வீடுகளில் அவரெ உதக்க என்ற அவரைக் குழம்பு செய்யும்போது அவரையை மசிய மசிய வேகவிடுவார்கள். அந்தப் பக்குவத்தை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

அப்படியென்றால் சுண்டல், குழம்பில் மிச்சமிருக்கும் தடுப்பான் கெடுதலா?

நன்றாக வெந்திருந்தால் ஆரோக்கியமானவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பச்சைச் சோயாவை உண்ட எலிகள் சரியாக வளரவில்லை என்றும், வேகவைத்துக் கொடுத்தபோது வளர்ந்தன என்றும் அமெரிக்க ஆய்வாளர்களான ஆஸ்போர்னும் மெண்டலும் 1917லேயே காட்டினார்கள். பின்னால் காரணம் தெரிந்தது. குடலில் டிரிப்சின் மாட்டிக்கொண்டால் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கூடும், அது கணையத்தை இன்னும் சுரக்கச் சொல்லும். எலியிலும் கோழிக்குஞ்சிலும் கணையமே வீங்கிப் பெரிதாகும். சுரந்த நொதிகள் எல்லாம் புரதம்தானே, அவையும் கழிவோடு வெளியேறும். சாப்பிட்டதும் சேராது, உள்ளே இருந்ததும் வீணாகும்.

குன்னூரில் 1918ல் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தாய்வீடு நம் குன்னூர்தான். தட்டில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதோடு அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்றும் கேட்கும் பழக்கம் நம் மலைக்குப் புதிதில்லை. பாக்கெட்டில் அச்சடித்த புரத அளவை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

ராஜ்மா சரியாக வேகாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு. இதுவும் டிரிப்சின் தடுப்பானாலா?

இல்லை, அது லெக்டின் என்ற வேறு புரதம். அரைகுறையாக, கொதிக்காத சூட்டில் வெந்த ராஜ்மா பச்சையைவிட மோசமாகவும் இருக்கலாம். மலையில் ராஜ்மாவுக்குக் குக்கர் கட்டாயம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்கிறார்களே, கொள்ளில் உள்ள தடுப்பானால்தான் உடம்பு குறைகிறதா?

கொள்ளில் போமன்-பிர்க் வகைத் தடுப்பான் உண்டு. ஆனால் அதனால்தான் எடை குறைகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. கொள்ளு ரசமும் துவையலும் நார்ச்சத்து, புரதம் உள்ள நல்ல உணவு. வயிறு நிறைகிறது, மற்றதைக் குறைவாகச் சாப்பிடுகிறோம், அதுவே போதுமான காரணம். எடை குறைக்க என்று பச்சைக் கொள்ளை ஊறவைத்து அரைத்துக் குடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். புரதச் செரிமானத்தைத் தடுத்து எடையைக் குறைத்தால் போவது கொழுப்பு இல்லை, தசைக்குச் சேர வேண்டியதுதான் போகும்.

கோழிக்கும் மாட்டுக்கும் பச்சைச் சோயா போடலாமா?

கோழிக்கும் பன்றிக்கும் கூடாது. வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தடுப்பானைப் பெருமளவு சிதைத்துவிடும், கன்றுக்குட்டிக்கு அந்த வசதி இன்னும் வந்திருக்காது. தீவனச் சோயா சரியாகச் சூடுபடுத்தப்பட்டதா என்று பார்க்கத் தீவன ஆலைகளில், சோயாவில் உள்ள யூரியேஸ் என்ற இன்னொரு நொதியைச் சோதிக்கிறார்கள். யூரியேஸும் சூட்டில் அழியும் என்பதால் அது அழிந்திருந்தால் தடுப்பானும் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

கன்று என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சீம்பாலிலேயே டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. தாயின் எதிர்ப்புரதங்கள் கன்றின் குடலில் வெட்டுப்படாமல் இரத்தத்துக்குப் போய்ச் சேர அது துணை செய்கிறது. பிறந்த கன்றுக்கு முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் போய்ச் சேரட்டும்.

உருளைக்கிழங்குச் செடியில் ஏன் இந்தத் தடுப்பான்?

புழுவுக்கு எதிராக. 1972ல் கிரீன், ரையன் என்ற இரு ஆய்வாளர்கள், கொலராடோ வண்டு கடித்த உருளை, தக்காளி இலைகளில் புரோட்டியேஸ் தடுப்பான் கூடுவதைக் காட்டினார்கள். கடிபட்ட இலையில் மட்டும் இல்லை, தள்ளி இருக்கும் கடிபடாத இலையிலும் கூடியது. செய்தி எப்படிப் போகிறது என்று தேடியதில் 1991ல் சிஸ்டமின் என்ற 18 அமினோ அமிலப் பெப்டைடு தக்காளியில் கிடைத்தது. தாவரத்திலும் பெப்டைடு ஹார்மோன் இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். இலையைத் தின்ற புழுவின் குடலில் டிரிப்சின் மாதிரி நொதிகள் மாட்டிக்கொள்ளும், புழு சோர்ந்து வளராது. சில புழுக்கள் தடுப்பானுக்கு மசியாத வேறு நொதியைச் சுரந்து தப்பித்துக்கொள்வதும் உண்டு.

ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள நம் உருளை ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய கவலைகள் இலைக்கருகலும் நூற்புழுவும். இந்தத் தடுப்பான் அவற்றுக்கு மருந்து இல்லை. தோட்டக்காரர்கள் இதை நம்பி வேறு எதையும் நிறுத்திவிட வேண்டாம். கிழங்கில் உள்ள தடுப்பானில் பெரும்பகுதி வேகவைக்கும்போது போய்விடும்.

தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தும் இந்த வேதித் தடுப்பான்களும் ஒன்றா?

ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் டி.எஃப்.பி.யின் உறவினர்கள். நொதியின் செரினைப் பிடிக்கும் வேலையைத்தான் அவையும் செய்கின்றன. ஆனால் உடலில் அவை உயிருக்கு ஆபத்தாவது டிரிப்சினைப் பிடிப்பதால் இல்லை. நரம்பு முனையில் உள்ள அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடிப்பதால்தான். அந்த விஷத்தில் கணையம் மிதமிஞ்சித் தூண்டப்பட்டுக் கணைய அழற்சி வருவதும் உண்டு.

மருந்தடித்த பிறகு வியர்த்துக்கொட்டுவது, எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது, மூச்சு இரைப்பது இவற்றில் எது வந்தாலும் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கூடவே எடுத்துப் போங்கள். அட்ரோபின், பிராலிடாக்சிம் போன்ற மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் அடித்தது எது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லி, வீட்டில் போய்ச் சொல்லச் சொல்கிறேன்.

கணைய அழற்சிக்கு டிரிப்சின் தடுப்பானையே மருந்தாகக் கொடுத்தால் சரியாகிவிடுமே?

கேட்க மிகச் சரியாகத் தோன்றும் யோசனைதான். 1960களிலிருந்து அப்ரோடினினை முயன்றார்கள். ஜப்பானில் கேபெக்சேட், நாஃபமோஸ்டாட், கேமோஸ்டாட் என்று செயற்கைத் தடுப்பான்களை உருவாக்கினார்கள். மனிதச் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் யூலினாஸ்டாட்டின் இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அப்ரோடினினை வைத்து நடந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, மற்றவற்றுக்கும் உறுதியான ஆதாரம் குறைவு. நோயாளி வலியோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதே டிரிப்சின் தன் வேலையை முடித்திருக்கும், அதற்குப் பிறகு எரிவது அழற்சி. அதனால் இன்றும் முதன்மைச் சிகிச்சை நரம்பு வழியே திரவம், வலி நிவாரணம், கூடிய சீக்கிரம் உணவைத் தொடங்குவது, பித்தக்கல் காரணம் என்றால் அதை எடுப்பது. மதுதான் காரணம் என்றால் மதுவை முழுதும் விடுவது.

அப்ரோடினின் இன்னொரு வழியிலும் போய்ப் பார்த்தது. இதய அறுவையில் இரத்தப்போக்கைக் குறைக்கக் கொடுத்தார்கள், ஏனென்றால் பிளாஸ்மின் என்ற நொதியையும் அது தடுக்கும். மரணங்கள் கூடுவதாக ஒரு ஆய்வு காட்டியதும் 2007ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2012ல் ஐரோப்பிய மருந்து முகமை அந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது.

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்குப் பரவுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் வாய்வு என்று பூண்டு நசுக்கிக் கொடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். மலைக் கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் பிடிக்கும், அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துச் சீக்கிரம் கிளம்புங்கள்.

வீக்கத்துக்கு டிரிப்சின்-கைமோடிரிப்சின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரைக்காய், பயறு சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாதா?

நன்றாக வெந்த உணவால் கவலை இல்லை. அது ஒருபுறம் இருக்கட்டும், குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும் நொதியின் அளவு மிகக் குறைவு. போனதையும் இரத்தத்தில் உள்ள ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின், ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற புரதங்கள் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அந்த மாத்திரையின் பலனுக்கு இன்னும் வலுவான ஆய்வுகள் வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் டிரிப்சினுக்கும் தொடர்பு உண்டா?

1907ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் வெறிநாய்க்கடி தடுப்பூசியோடு சேர்ந்தே நம் ஊரில் சொல்லப்படுவது. இன்றைய வெறிநாய்க்கடி தடுப்பூசிகளில் பல வெரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸை வளர்த்துச் செய்யப்படுபவை. தட்டோடு ஒட்டி வளரும் அந்தச் செல்களைப் பிரித்து அடுத்த கலத்துக்கு மாற்ற டிரிப்சின் வேண்டும். பிரிந்த பிறகு டிரிப்சினை உடனே நிறுத்தவில்லை என்றால் செல்லையே தின்னத் தொடங்கிவிடும். சீரம் சேர்த்தால் அதில் உள்ள இயற்கைத் தடுப்பான்கள் நிறுத்திவிடும். சீரம் இல்லாத வளர்ப்பில் சோயா தடுப்பானைச் சேர்ப்பார்கள். சமையலறையில் நாம் அழிக்கப் பார்க்கும் அதே புரதம் அங்கே விலைக்கு வாங்கி ஊற்றப்படுகிறது.

வேலை முடிந்து மிச்சமான பி.எம்.எஸ்.எஃப். கரைசலை சிங்க்கில் ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. காரத்தன்மை ஏற்றி, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, புகைக்கூண்டுக்குள் ஒரு இரவு மூடிவையுங்கள். தண்ணீரும் காரமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். மறுநாள் ஐசோப்ரொப்பனால் கழிவுக் கேனில், தேதியும் பெயரும் எழுதிச் சேருங்கள். மலையில் எந்தச் சாக்கடையும் சீக்கிரமே ஓர் ஓடையில் போய்ச் சேரும், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். பொடி சிந்திய காகிதம், கையுறை இவற்றையும் தனிப் பையில் கட்டி அதே கழிவோடு அனுப்புங்கள்.